இடுப்பைப் பிடிக்க ஒரு கை

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது புதுச்சத்திரம். சுற்றிலும் கோழிப்பண்ணைகள், மரவள்ளிக் காடுகள். பாச்சல் பக்கம் போனால் வரிசையாகக் கல்லூரிக் கட்டடங்கள். இந்த வட்டாரத்தில் ஒரு பெண் முழுகாமல் இருக்கிறாள் என்றால் அவளுடைய செவ்வாய்க்கிழமைகள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு உரியவை. எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், இரும்புச்சத்து மாத்திரை, ஸ்கேன் தேதி என்று எல்லாம் அட்டையில் ஏறும். கூட வந்த அம்மாவோ மாமியாரோ பையையும் தண்ணீர் பாட்டிலையும் மடியில் வைத்துக்கொண்டு வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருப்பார். அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை, எதுவும் சொல்வதும் இல்லை. பிரசவத்தன்று அந்தப் பெண்ணின் பயத்தையும் வலியையும் மாத்திரை ஊசி இல்லாமல் குறைக்கக்கூடிய ஆள் அந்த மரத்தடியில்தான் இருக்கிறார்.

அட்டையில் ஏறாத ஒன்று பயம். தலைச்சன் பிள்ளை சுமக்கிற பெண்ணுக்கு அது ஏழாம் மாதத்தில் முழு உருவம் எடுக்கிறது. கொங்குப் பக்கத்தில் கட்டுச்சோற்று விருந்து அமர்க்களமாக நடக்கும். புளிசாதம், எலுமிச்சை சாதம், தயிர்சாதம், கை நிறைய வளையல். சாப்பிட்டு முடித்த அத்தைமாரும் பெரியம்மாமாரும் பாயில் உட்கார்ந்து தங்கள் பேறுகாலக் கதைகளை அவிழ்ப்பார்கள். ரெண்டு நாள் வலி, தலை திரும்பிய பிள்ளை, ரத்தம் நிற்காத ராத்திரி. ‘பொம்பளைக்கு அது மறுபொறப்புடி’ என்று முத்தாய்ப்பு வேறு. மாலையும் கழுத்துமாக நடுவில் உட்கார்ந்திருப்பவள் அத்தனையையும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். வளைகாப்பு கர்ப்பிணியின் மனத்தைக் குளிர்விக்க வந்த சடங்கு என்கிறோம். அந்தப் பாயில் நடப்பது பல வீடுகளில் நேர் எதிர்.

பயம் மனத்தோடு நிற்பதில்லை. கருப்பையைச் சுருங்க வைப்பது ஆக்ஸிடோசின். பயந்தால் உடம்பில் அட்ரினலின் ஏறும். அது அந்தச் சுருக்கங்களைக் குலைக்கும், தசைகளை இறுக்கும், வலி கூடும். கூடிய வலி பயத்தை இன்னும் கூட்டும். இந்தச் சுழலை 1930-களிலேயே எழுதி வைத்தவர் இங்கிலாந்து மருத்துவர் கிராண்ட்லி டிக்-ரீட். பயம், இறுக்கம், வலி என்ற அவருடைய சங்கிலி இன்றும் பேறுகாலப் பயிற்சி வகுப்புகளின் அடிப்படை. ஆனால் அவரிடம் ஒரு கோணலும் இருந்தது. ‘நாகரிகம் தொடாத’ இனப் பெண்கள் வலி இல்லாமல் பெற்றுப்போடுவார்கள், படித்த வெள்ளைக்காரிகள்தான் பயந்து துடிக்கிறார்கள் என்று நம்பினார். நம் ஊர்ப் பாட்டிமார் யாரிடமாவது இதைச் சொல்லியிருந்தால் விளக்குமாறு வந்திருக்கும்.

வாசலில் நின்றுபோன துணை

இரண்டு தலைமுறைக்கு முன் இந்தப் பக்கத்தில் பிரசவம் என்றால் வீடு, மருத்துவச்சி, சுற்றிலும் நாலு பெண்கள். ஒருத்தி முதுகைத் தாங்குவாள், ஒருத்தி வெந்நீர் வைப்பாள், ஒருத்தி சீரகக் கஷாயம் காய்ச்சித் தருவாள். கஷாயத்தில் அடங்கினால் சூட்டு வலி, அடங்காமல் ஏறினால் பிள்ளை வலி என்பது கணக்கு. அந்தக் காலத்தை நினைத்து ஏங்க எனக்கு ஆசை இல்லை. ரத்தப்போக்கிலும் ஜன்னியிலும் எத்தனை தாய்மார் போனார்கள் என்பது ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரியும். இன்று தமிழ்நாட்டில் நூற்றில் 99-க்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. 2018–20 கணக்கின்படி லட்சம் பிள்ளைப்பேறுக்குத் தாய் மரணம் இந்தியா முழுமைக்கும் 97, தமிழ்நாட்டில் 54. இரவும் பகலும் திறந்திருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களும், 108 வண்டியும், கிராம சுகாதார செவிலியர்களும் சேர்ந்து சம்பாதித்த எண் அது.

ஆனால் மருத்துவமனை வாசலுக்குள் பெண் போனபோது, அந்த நாலு பெண்களும் வாசலிலேயே நிறுத்தப்பட்டார்கள். அமெரிக்க மானுடவியலாளர் சிசிலியா வான் ஹாலன் 1990-களின் நடுவில் சென்னையிலும் கானத்தூர் ரெட்டிக்குப்பத்திலும் தங்கிப் பெண்களோடு பேசி, 2003-ல் அதை நூலாக்கினார். வலிதான் சக்தி என்று நம்பிய பெண்களை அவர் பார்த்தார். வலியைக் கூட்டும் ஆக்ஸிடோசின் ஊசி தாராளமாகப் போடப்பட்டதையும், வலியைக் குறைக்க ஏறக்குறைய எதுவும் தரப்படாததையும் பதிவு செய்தார். பிரசவ அறையில் வாங்கிய வசவுகளும் அந்த நூலில் உண்டு. நம்மில் பலருக்கு அதைப் படிக்க நூல் தேவையில்லை, அம்மாவைக் கேட்டாலே போதும்.

அதே காலகட்டத்தில் உலகின் வேறு மூலைகளில் மருத்துவர்கள் ஒரு விசித்திரமான முடிவை அசைபோட்டுக்கொண்டிருந்தார்கள். 1980-லேயே வெளியாகியிருந்த ஆய்வு அது. குவாத்தமாலா நகரத்தின் நெரிசலான அரசு மருத்துவமனை ஒன்றில், முதல் பிரசவத்துக்கு வந்த பெண்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் பக்கத்தில் ஒரு பெண்ணை உட்கார வைத்தார்கள். மருத்துவப் பயிற்சி இல்லாதவள், முன்பின் தெரியாதவள். கையைப் பிடித்தாள், முதுகைத் தேய்த்தாள், பேசினாள், அவ்வளவுதான். சிக்கல் இல்லாமல் பெற்றவர்களை ஒப்பிட்டபோது, தனியாக இருந்தவர்களுக்குச் சேர்ந்ததிலிருந்து பிள்ளை பிறக்கச் சராசரியாக 19 மணி நேரத்துக்கு மேல் ஆனது. துணை இருந்தவர்களுக்கு 9 மணி நேரம்கூட ஆகவில்லை. சிறிய ஆய்வுதான். பிறகு வந்த ஆய்வுகளில் நேர வித்தியாசம் இத்தனை பெரிதாக வரவில்லை, ஆனால் திசை மாறவில்லை. 17 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த 26 ஆய்வுகளைக் காக்ரேன் குழு 2017-ல் தொகுத்தபோது, இடைவிடாத துணை கிடைத்த பெண்களிடம் சிசேரியன் குறைந்தது, வலி மருந்தின் தேவை குறைந்தது, பிரசவத்தைக் கசப்போடு நினைப்பவர்களும் குறைந்தார்கள்.

தமிழ்நாடு இதில் பின்தங்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். அரசு மருத்துவமனைகளில் பிரசவத்தின்போது ஒரு பெண் துணையை உள்ளே அனுமதிக்கும் திட்டத்தை 2000-களிலேயே நம் மாநிலம் கொண்டுவந்துவிட்டது. மத்திய அரசின் வழிகாட்டுதல் 2016-ல்தான் வந்தது. துணையாக வருபவர் பெண்ணாக இருக்க வேண்டும், தானும் பிள்ளை பெற்றவராக இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. 2018-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட 56 பரிந்துரைகளில், பெண் தானே தேர்ந்தெடுக்கும் துணை ஒன்று. மூச்சுப் பயிற்சி, இசை, முதுகு பிடித்தல், சூடான ஒத்தடம், நடமாட்டம், விரும்பிய நிலையில் இருப்பது, தண்ணீரும் உணவும் தடுக்கப்படாமை ஆகியவையும் அந்தப் பட்டியலில் உள்ளன. கட்டாய எனிமாவும் வழக்கமாகச் சவரம் செய்வதும் வேண்டாம் என்பதும் அதே ஆவணம்தான்.

ஆணை இருக்கிறது. ஆனால் உள்ளே போன துணைக்கு என்ன வேலை? பல இடங்களில், கையெழுத்துப் போட ஒருத்தி, துணி எடுத்துத் தர ஒருத்தி, டீ வாங்கிவர ஒருத்தி. உட்கார நாற்காலி இல்லை, பக்கத்துக் கட்டிலை மறைக்கத் திரை இல்லை. நெருக்கடி வந்தால் முதலில் வெளியே அனுப்பப்படுவதும் அவர்தான். சிஸ்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. இரவுப் பணியில் ஒரே ஒருவராகப் பிரசவ அறையையும் வார்டையும் பார்க்கிறவருக்கு, பதற்றத்தில் அழும் அம்மா ஒருவர் கூடுதல் சுமையாகத்தான் தெரிவார். அந்த அம்மாவுக்கு ஒன்றிரண்டு விஷயங்களைக் கற்றுக்கொடுத்திருந்தால் அவரே இன்னொரு ஜோடிக் கையாகியிருப்பார்.

என்ன கற்றுக்கொடுப்பது?

கற்றுக்கொடுக்க வேண்டியது அரை மணி நேரத்துக்கு மேல் இல்லை. முதலில் இடுப்பு. வலி வரும்போது முதுகுத்தண்டின் அடியில், இரண்டு பிட்டங்களுக்கும் மேலே முக்கோணமாக இருக்கும் எலும்பின் மீது உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து அழுத்த வேண்டும். தடவுவது இல்லை, தட்டுவதும் இல்லை. மாவு பிசைகிற அழுத்தம், அசையாமல். வலி ஏறும்போது தொடங்கி, இறங்கும் வரை. ஏறக்குறைய ஒரு நிமிடம். பிறகு கையை எடுத்துவிட்டு அடுத்த வலி வரும்வரை அவளைச் சும்மா விட்டுவிட வேண்டும். கொஞ்சம் எண்ணெய் தொட்டுக்கொண்டால் தோல் எரியாது. எந்த இடத்தில், எவ்வளவு அழுத்தம் என்பதை அவளே சொல்வாள். ‘இன்னும் கீழ, இன்னும் அமுக்கு’ என்பாள். சில நேரம் ‘தொடாத’ என்று கையைத் தட்டிவிடுவாள். அதற்குக் கோபித்துக்கொள்ளக் கூடாது.

இது ஏன் வேலை செய்கிறது என்பதற்கு 1965-ல் மெல்சாக், வால் என்ற இரண்டு அறிஞர்கள் ஒரு விளக்கம் தந்தார்கள். அழுத்தத்தையும் தொடுதலையும் கொண்டுபோகும் நரம்புகள் தண்டுவடத்துக்குள் நுழையும் இடத்திலேயே, வலிச் செய்தி மேலே போவதை ஓரளவு தடுத்துவிடுகின்றன. இடித்துக்கொண்ட முழங்காலை நாம் நம்மையறியாமல் தேய்ப்பது இதனால்தான்.

அடுத்தது மூச்சு. ‘மூச்சை இழுத்துப் பிடி, முக்கு’ என்று ஆரம்பத்திலேயே கத்துவது நம்மிடம் ஊறிய பழக்கம். கருப்பை வாய் முழுதாகத் திறக்கும் முன் முக்கினால் களைப்பும் வீக்கமும்தான் மிச்சம். அதுவரை மூக்கால் இழுத்து, வாயால் மெதுவாக நீளமாக விட வேண்டும். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும். தாடை இறுகினால், தோள் காதுவரை ஏறினால், துணை அதைப் பார்த்துச் சொல்ல வேண்டும்: ‘வாயைத் தளர்த்து கண்ணு, தோளை இறக்கு.’ சும்மா ‘பயப்படாத’ என்பதைவிட இது நூறு மடங்கு உதவும். பயப்படாதே என்று சொல்லி யாருக்கும் பயம் போனதில்லை.

மூன்றாவது, படுக்க வைக்காமல் இருப்பது. மல்லாந்து படுத்திருப்பது பரிசோதிப்பவருக்கு வசதி, பெறுகிறவளுக்கு இல்லை. நடக்கலாம், ஜன்னல் திண்டைப் பிடித்து முன்னால் சாயலாம், பாயில் மண்டியிட்டுக் கட்டில் மேல் தலை வைக்கலாம், பக்கவாட்டில் ஒருக்களித்துப் படுக்கலாம். நிமிர்ந்தோ நடந்தோ இருந்த பெண்களுக்குப் பிரசவத்தின் முதல் கட்டம் சராசரியாக 1 மணி 22 நிமிடம் குறைந்தது என்று 5,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வுகளின் தொகுப்பு சொல்கிறது. வலியில் இருப்பவளுக்கு அது எவ்வளவு பெரிய நேரம் என்று பெற்றவர்களைக் கேளுங்கள். இடையிடையே வெந்நீரோ கஞ்சித் தண்ணீரோ ரெண்டு வாய் தரலாமா என்று சிஸ்டரிடம் கேட்டுக்கொள்வது, இரண்டு மணிக்கொருதரம் சிறுநீர் கழிக்க நினைவூட்டுவது ஆகியவையும் துணையின் வேலை. நிறைந்த சிறுநீர்ப்பை பிள்ளை இறங்குவதைத் தடுக்கும்.

துணை யார் என்பதை அந்தப் பெண்ணிடம் கேட்க வேண்டும் என்பதுதான் நம் வீடுகளில் எடுபடாத பரிந்துரை. அம்மாவா மாமியாரா என்பது பெரியவர்கள் முடிவு செய்கிற மரியாதை விவகாரம் ஆகிவிடுகிறது. அவளுக்கு அக்காவோ பக்கத்து வீட்டு அண்ணியோ இதமாக இருக்கலாம். கணவன்? திரை இல்லாத பொது வார்டில் மற்றப் பெண்களின் மானத்தை நினைத்து ஆண்களை விடுவதில்லை. அந்தத் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. இந்த மாவட்டத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. லாரி ஓட்டுகிறவர் பிரசவத்தன்று நாக்பூரிலோ இந்தூரிலோ இருப்பார். அவர் குரலைப் போனில் இரண்டு நிமிடம் கேட்க விடுவதற்கு எந்த ஆணையும் தேவைப்படாது.

துணைக்கு ஆகிற செலவும் பேசப்பட வேண்டியது. பண்ணையில் முட்டை பொறுக்கும் வேலையும் ஜவ்வரிசி ஆலை வேலையும் நாள்கூலி. மகளோடு இரண்டு நாள் இருந்தால் இரண்டு நாள் கூலி போயிற்று. கர்ப்பிணிக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் உதவித்தொகை உண்டு, அவளைத் தாங்கிப் பிடிக்கிறவளுக்கு ஒரு வேளைச் சாப்பாடுகூடக் கணக்கில் இல்லை.

மருந்து வேண்டாம் என்பதல்ல

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை அவசியம். 2018 ஜூலையில் திருப்பூரில், யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்ற குடும்பத்தில் தாய் ரத்தப்போக்கில் இறந்துபோனார். அடுத்த சில நாட்களில் கோவையில், வீட்டுப் பிரசவத்துக்குப் பயிற்சி தருவதாக விளம்பரம் செய்தவர் கைது செய்யப்பட்டார். ‘இயற்கை’ என்ற சொல்லுக்கு இன்று ஒரு சந்தை இருக்கிறது. படித்தவர்கள்தான் அதில் அதிகம் விழுகிறார்கள். முதுகைத் தேய்க்கும் கை ரத்தப்போக்கை நிறுத்தாது. கண் மங்கி, தலை வெடிக்கிறது என்றால், பனிக்குட நீர் பச்சையாக வந்தால், பிள்ளையின் அசைவு குறைந்தால், ரத்தம் பட்டால், மூச்சுப் பயிற்சி செய்துகொண்டிருக்க அது நேரமில்லை. கருவிகளும் ரத்தமும் மருத்துவரும் எட்டும் தூரத்தில் இருக்கும் இடத்தில்தான் இந்த இதமெல்லாம் பொருள்படும்.

எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு. மருந்தில்லா முறைகள் இருக்கின்றனவே என்று சொல்லி, வலி மருந்து கேட்கும் பெண்ணுக்கு அதை மறுப்பது. ‘எல்லாரும் பெத்தவங்கதான், பொறுத்துக்கோ’ என்பது சிகிச்சை ஆகாது. தண்டுவட ஊசி வசதி உள்ள இடத்தில் அதைக் கேட்பது அவள் உரிமை. கேட்டதற்காக அவள் பலவீனமானவளும் அல்ல.

பிரசவத்தோடு விஷயம் முடிவதுமில்லை. மாதவிலக்கு வலியை எடுத்துக்கொள்ளுங்கள். கருப்பையின் உள்சவ்வு உதிரும்போது சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் கருப்பையை இறுகச் சுருங்க வைக்கிறது. அந்த இறுக்கம்தான் வலி. அடிவயிற்றில் வெந்நீர் ஒத்தடம் என்பது பாட்டி வைத்தியம் என்று ஒதுக்கப்பட்டது. 2001-ல் அமெரிக்காவில் நடந்த ஆய்வில், ஏறக்குறைய 39 டிகிரி சூட்டை அடிவயிற்றில் தொடர்ந்து வைத்தபோது, அது ஐபுப்ரோஃபென் மாத்திரைக்கு ஈடாக நின்றது. வாரத்தில் சில நாள் வேர்க்க நடப்பதும் வலியைக் குறைக்கும் என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டுகின்றன. கல்லூரி விடுதிகளில் ஒரு வெந்நீர்ப் பையும், சூடாக்க ஒரு கெட்டிலும் வைப்பது பெரிய காரியமா? மூலையில் முடங்கிப் படுக்க வைத்து, தீட்டு என்று தனியே தட்டு வைப்பது மட்டும் எங்கும் இலவசமாகக் கிடைக்கிறது. ஒவ்வொரு மாதமும் எழ முடியாத வலி என்றால் அது எண்டோமெட்ரியோசிஸாக இருக்கலாம். ஒத்தடத்தோடு நிற்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

காப்பர்-டி பொருத்துவதும் கருப்பை வாய்ப் பரிசோதனையும் பயத்தின் இன்னொரு இடம். திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்த பெரிய ஆய்வு 2007-ல் வெளியானது. வினிகர் தடவிப் பார்க்கும் எளிய பரிசோதனையே கருப்பை வாய்ப் புற்றுநோய் மரணத்தை 35 சதவீதம் குறைக்கும் என்று உலகத்துக்குச் சொன்னது நம் ஊர்ப் பெண்களின் உடம்புதான். ஆனால் தேசிய குடும்பநல ஆய்வின் 2019–21 சுற்றில், தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பத்தில் ஒருவர்கூட இந்தப் பரிசோதனைக்குப் போயிருக்கவில்லை. போனவர்கள் திரும்பி வந்து சொல்வதும் ஒரு காரணம்: ‘காலை அகட்டுன்னாங்க, அவ்வளவுதான்.’ என்ன செய்யப்போகிறோம் என்று முன்பே சொல்வது, கருவியைக் காட்டிவிட்டு வெதுவெதுப்பாக்கிப் பயன்படுத்துவது, இடுப்புக்கு மேல் ஒரு துணி போர்த்துவது, ‘நிறுத்துங்க’ என்றால் நிறுத்துவது. இவற்றுக்கு ஆகும் கூடுதல் நேரம் மூன்று நிமிடம். அதற்கும் மனம் ஒப்பாதவர்களுக்கு, எச்.பி.வி. பரிசோதனைக்கான மாதிரியைப் பெண் தானே எடுத்துத் தரும் முறையை 2021 முதல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது.

மாதவிடாய் நிற்கும் வயதின் உடல் கொதிப்புக்கு, எண்ணங்களைக் கையாளக் கற்றுத்தரும் உளவியல் சிகிச்சை பலன் தருகிறது என்று வட அமெரிக்க மாதவிடாய் நிறைவுக் கழகம் 2023-ல் அறிவித்தது. நம் பக்கத்தில் அந்த வயதுப் பெண்கள் இதற்காக மருத்துவரிடம் போவதே அபூர்வம்; அது தனியாக எழுத வேண்டிய கதை.

மீண்டும் பிரசவ அறைக்கு வருவோம், ஏனென்றால் எண்கள் அங்கேதான் உறுத்துகின்றன. அதே 2019–21 ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிள்ளைகள் சிசேரியனில் பிறக்கின்றன. தனியார் மருத்துவமனைகளில் அது 60-ஐத் தாண்டுகிறது. இதற்குப் பல காரணங்கள், பணமும் நல்ல நேரம் பார்ப்பதும் உட்பட. ஆனால் ‘என்னால முடியல, கத்தி வச்சிருங்க’ என்று பெண்ணும் வீட்டாரும் கெஞ்சுவதையும் மருத்துவர்கள் சொல்வதுண்டு. அந்தக் கெஞ்சலுக்குப் பின்னால் இருப்பது தனிமையும் பயமும். தென் மாநிலமான தெலங்கானாவும் இதே சிக்கலில் மாட்டியது. 2017-ல் ஐதராபாத்தின் ஃபெர்னாண்டஸ் மருத்துவமனையோடு சேர்ந்து, பிரசவம் பார்ப்பதையே முழு வேலையாகக் கொண்ட செவிலியர்களைப் பயிற்றுவிக்கத் தொடங்கியது. மத்திய அரசும் 2018 டிசம்பரில் அப்படி ஒரு பணியிடத்துக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது.

அத்தகைய செவிலியர் ஒருவர் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் வர ஆண்டுகள் ஆகும். நாமக்கல்லில் 2022-ல் மருத்துவக் கல்லூரி திறந்தாகிவிட்டது. பயிற்சி தர ஆள் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. அதற்குள் வட்டாரமே செய்துகொள்ளக் கூடியவை இருக்கின்றன. கட்டிலுக்கு ஒரு திரை, துணைக்கு ஒரு நாற்காலி, சுவரோரம் ஒரு பாய். எட்டாம் மாதச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், கர்ப்பிணி எடை பார்க்க வரிசையில் நிற்கும் நேரத்தில், கிராம சுகாதார செவிலியர் மரத்தடிக்கு வந்து அந்த அம்மாவையும் அக்காவையும் மாமியாரையும் எழுப்பி, ஒருவர் இடுப்பில் இன்னொருவர் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்க்கச் சொல்லலாம். அட்டையிலும் ஒரு வரி சேர்க்கலாம்: பிரசவத்தன்று உடன் இருப்பவர் யார், அவருடைய போன் எண் என்ன. அந்த வரியைக் கணவனோ மாமியாரோ அல்ல, பெறப்போகிறவள் தன் கையால் நிரப்பட்டும்.